குறியின் பெயர் தெரியாதவருக்கும் மேனுவல் பயன்பட வேண்டும்

இரவு ஷிஃப்டில் கன்வேயர் நின்றுவிடுகிறது. மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் பேனலைத் திறந்து, லேப்டாப்பைப் பிஎல்சியுடன் இணைத்து, புரோகிராமைப் பார்க்கிறார். ஒரு வரியில் => என்று இருக்கிறது. >= என்றால் ‘பெரியது அல்லது சமம்’ என்று டிப்ளமோவில் படித்திருக்கிறார். இதுவோ திருப்பிப் போட்டதுபோல் நிற்கிறது. அலமாரியில் தடிமனான மேனுவல் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் இண்டெக்ஸும் இருக்கிறது. ஆனால் இந்தக் குறியை எந்த எழுத்தின் கீழ் தேடுவது?

அந்தக் குறிக்கு என்ன பெயர் என்று தெரிந்தவருக்கு இண்டெக்ஸே தேவைப்படாது. பெயர் தெரியாமல் வடிவத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் அது வேண்டும். பெரும்பாலான ஆலை மேனுவல்கள் இவரைக் கணக்கில் எடுப்பதில்லை.

மிஷ்லின் டயர் ஆலை இருக்கும் தேர்வாய் கண்டிகை சிப்காட்டிலும், எஃகு ஆலைகளும் என்ஜினீயரிங் பட்டறைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டியிலும் பிஎல்சியும் சிஎன்சியும் அன்றாடப் புழக்கத்தில் உள்ளவை. இயந்திரத்தோடு வரும் மேனுவல் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஊழியர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாரிக்கும் பொறுப்பு பல இடங்களில் ஒரு சீனியர் டெக்னீஷியனிடமோ பயிற்சி அலுவலரிடமோ வந்து சேர்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. கையேட்டின் இண்டெக்ஸில் நிரல்மொழிக் குறிகளை எப்படிச் சேர்ப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் குறிகளைத் திரட்டுங்கள்

பாடப்புத்தகத்தைப் பார்த்துப் பட்டியல் போட வேண்டாம். உங்கள் லைனில் ஓடும் புரோகிராமின் பேக்கப்பை எடுத்து, அதில் உண்மையில் வரும் குறிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். கீபோர்டில் உள்ள சாதாரண ஆஸ்கி குறிகள் மொத்தமே 32தான். அவை தனியாகவும் இரண்டிரண்டாகச் சேர்ந்தும் வருவதால் பட்டியல் கொஞ்சம் நீளும். அப்போதும் அது ஓரிரு பக்கங்களைத் தாண்டாது.

பிஎல்சி மொழிகளுக்கான ஐஇசி 61131-3 தரநிலை 1993இல் முதலில் வெளியானது. அதில் வரும் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் மொழியில் அடிக்கடி எதிர்ப்படும் குறிகள் இவை:

:= வேரியபிளில் மதிப்பை ஏற்றும்.
= இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்க்கும்.
<> சமமில்லையா என்று பார்க்கும்.
=> ஃபங்க்ஷன் பிளாக்கிலிருந்து வெளிவரும் மதிப்பை எந்த வேரியபிள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும்.
 ** அடுக்கு, அதாவது பவர்.
& இரண்டு நிபந்தனைகளும் உண்மையா என்று பார்க்கும்.
.. ‘இதிலிருந்து இதுவரை’ என்ற வீச்சு. 1..5 என்றால் ஒன்று முதல் ஐந்து வரை.
% நேரடி முகவரியின் தொடக்கம். அடுத்து வரும் எழுத்து, அது இன்புட்டா அவுட்புட்டா மெமரியா என்று காட்டும்.
# எண்ணின் அடிமானத்தையோ மதிப்பின் வகையையோ பிரித்துக் காட்டும். 2#1010 என்றால் பத்து. 16#10 என்றால் பதினாறு.
(* *) இரண்டுக்கும் நடுவே இருப்பது கமெண்ட்.
$ ஸ்ட்ரிங்குக்குள் சிறப்பு எழுத்தைக் குறிக்கும். டாலரையே எழுத வேண்டுமானால் $$.
; கட்டளை முடிந்தது.

2013இல் வந்த மூன்றாம் பதிப்பு // என்ற ஒருவரிக் கமெண்டையும், ரெஃபரன்ஸ் காட்டும் மதிப்பை எடுக்கும் ^ குறியையும் சேர்த்தது. பழைய கன்ட்ரோலரில் இவை வேலை செய்யாமல் போகலாம். ஆகவே இவ்விரண்டின் பக்கத்திலும் உங்கள் ஆலையில் எந்த கன்ட்ரோலர் இவற்றை ஏற்கிறது என்று குறித்துவையுங்கள்.

பட்டியல் போடும்போது ‘இது யாருக்கும் தெரியும்’ என்று எதையும் விட்டுவிடாதீர்கள். எண்களுக்கு நடுவே வரும் அடிக்கோடு, 1_000 என்பதுபோல, படிக்க வசதிக்காக மட்டும் இருப்பது. அது மதிப்பை மாற்றாது. இதைத் தெரியாத புதியவர் அதைக் கழித்தல் குறி என்று எண்ணக்கூடும்.

லாடர் மொழியின் படக்குறிகளையும் மறக்க வேண்டாம். இரண்டு நெடுங்கோடு என்ஓ காண்டாக்ட், அவற்றின் நடுவே ஒரு சாய்கோடு போட்டால் என்சி காண்டாக்ட், வளைவுக்குள் இடம் விட்டால் காயில். இவற்றைப் படமாகவே அடைவில், அதாவது இண்டெக்ஸில், போடுங்கள்.

ஒரு குறிக்கு மூன்று பதிவுகள்

ஒவ்வொரு குறியையும் மூன்று இடங்களில் பதியுங்கள்.

முதலாவது, வடிவம். குறி அப்படியே, இண்டெக்ஸின் தொடக்கத்தில் தனிப்பக்கத்தில் வர வேண்டும். திரையில் பார்த்ததைப் பக்கத்தில் பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும்.

இரண்டாவது, ஷாப்ஃப்ளோரில் வாயால் சொல்லும் பெயர். := என்பதைக் ‘கோலன் ஈக்வல்’ என்று சொல்கிறார்களா? அந்தப் பெயரிலேயே கோ வரிசையில் ஒரு பதிவு போடுங்கள். # ஹேஷ், * ஸ்டார், % பர்சன்டேஜ், _ அண்டர்ஸ்கோர், $ டாலர். போனில் ஒருவர் உதவி கேட்கும்போது அவர் வாயில் வருவது இந்தப் பெயர்தான். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தெலுங்கு பேசும் ஊழியரும் வடமாநில ஊழியரும் இதே பெயர்களைத்தான் சொல்கிறார்கள். அகராதியில் தேடி எடுத்த அழகான தமிழ்ப் பெயர் உங்களிடம் இருந்தால் அதையும் கூடுதலாகப் பதியலாம். ஆனால் வழக்கில் இருக்கும் பெயரை நீக்கிவிட்டு அதை வைக்காதீர்கள்.

மூன்றாவது, செய்யும் வேலை. ‘மதிப்பு ஏற்றல்’, ‘சமமா என்று பார்த்தல்’, ‘கமெண்ட் எழுதுதல்’, ‘டைமருக்கு நேரம் கொடுத்தல்’. புரோகிராம் எழுதப் போகிறவர் இந்த வழியாக வருவார். அவருக்கு வேலை தெரியும், குறி தெரியாது. முன்னவருக்குக் குறி தெரியும், வேலை தெரியாது. இருவரும் ஒரே பக்கத்துக்கு வந்துசேர வேண்டும்.

ஒரு மாதிரிப் பதிவு:

:= மதிப்பு ஏற்றல் 42; சமக்குறியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க 44; பார்க்க: =
கோலன் ஈக்வல் 42
மதிப்பு ஏற்றல், := குறி 42

மூன்று பதிவிலும் பக்க எண்ணையே கொடுங்கள். ‘கோலன் ஈக்வல், பார்க்க: :=’ என்று எழுதி மறுபடி அலைய விடாதீர்கள். ஒரே ஒரு பக்க எண்ணைத்தான் சுட்டப்போகிறது என்றால் எண்ணை எழுதுவதற்கு ஆகும் இடம் ‘பார்க்க’ என்று எழுதுவதைவிடக் குறைவு.

எந்த வரிசையில் அடுக்குவது?

கணினி தானாக அடுக்கினால் குறிகள் அவற்றின் ஆஸ்கி எண் வரிசையில் வரும். ! முதலில், ~ கடைசியில். அந்த வரிசை இரவு ஷிஃப்டில் யாருக்கும் நினைவிருக்காது. கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழி நூல் குறிகளை இண்டெக்ஸின் தொடக்கத்திலேயே தருகிறது. பைத்தான் மொழியின் ஆவண அடைவிலும் குறிகளுக்கென்று தனிப்பகுதி உண்டு. அங்கே குறியோடு அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். ரஸ்ட் மொழியின் அதிகாரபூர்வ நூலில் குறிகளுக்காகவே ஒரு பின்னிணைப்பு இருக்கிறது.

ஆலைக் கையேட்டுக்கு நான் பரிந்துரைப்பது இது: முதல் குறியை வைத்துக் குடும்பமாகப் பிரியுங்கள். : குடும்பத்தில் : மற்றும் :=. < குடும்பத்தில் <, <=, <>. = குடும்பத்தில் =, =>. எல்லாம் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், போதிய இடைவெளியோடு இருந்தால் கண்ணே தேடிக்கொள்ளும். பக்கத்தின் தலையில் குடும்பங்களின் வரிசையை ஒரு பட்டையாகப் போட்டால் இன்னும் எளிது.

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, இணையாக வரும் குறிகள். நீளமான கமெண்டின் கடைசி வரி மட்டும் திரையில் தெரிந்தால், படிப்பவர் கண்ணில் படுவது *) மட்டுமே. எனவே (* என்பதையும் *) என்பதையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். அதே காரணத்துக்காக ] என்பதற்கும் ஒரு பதிவு வேண்டும்.

இரண்டு, முன்பின்னாக மாறினால் பொருள் மாறும் குறிகள். => என்பதன் கீழ் ‘>= வேறு’ என்றும், >= என்பதன் கீழ் ‘=> வேறு’ என்றும் ஒரு வரி எழுதுங்கள். = மற்றும் := இரண்டுக்கும் இது கட்டாயம். சி மொழி படித்துவிட்டு வருபவருக்கு = என்றால் மதிப்பு ஏற்றல், == என்றால் சமமா என்று பார்த்தல். ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் மதிப்பு ஏற்ற := வேண்டும், ஒப்பிட ஒற்றை = போதும். பழக்கத்தில் கை தவறும் இடம் இதுதான். குழப்பம் எங்கே நேரும் என்பதை அடைவே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

எந்த இயந்திரம் என்று சொல்லாமல் எந்தக் குறியையும் விளக்காதீர்கள்

ஒரே ஆலையில் பிஎல்சியும் சிஎன்சியும் அடுத்தடுத்து நிற்கும்போது, இந்தக் கையேட்டு வேலையில் மிக முக்கியமான அறிவுரை இதுவே. குறி ஒன்றாக இருக்கும், பொருள் வேறாக இருக்கும்.

% குறியைப் பாருங்கள். ஐஇசி மொழியில் அது முகவரித் தொடக்கம். ஃபனுக் சிஎன்சியில் அது நிரலின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும். பைத்தானில் வகுத்தபின் வரும் மீதி.

# குறியை ஐஇசி மொழி அடிமானத்துக்கும் வகைக்கும் பயன்படுத்துகிறது. சீமென்ஸ் பிஎல்சியில் வேரியபிளின் பெயருக்கு முன்னால் அது வந்தால் அந்த வேரியபிள் அந்த பிளாக்குக்குள் மட்டும் செல்லும் என்று பொருள். ஃபனுக் மேக்ரோவில் #100 என்பதே ஒரு வேரியபிள். பைத்தானில் # வந்தால் மிச்ச வரி முழுதும் கமெண்ட்.

; ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் கட்டளையை முடிக்கிறது. ஃபனுக் திரையில் பிளாக்கின் முடிவைக் காட்டுகிறது. சீமென்ஸ் சைனுமெரிக் சிஎன்சியில் அது கமெண்டைத் தொடங்குகிறது. ஃபனுக்கில் ( ) என்ற வளைவுக்குள் எழுதுவது கமெண்ட், கணக்குக்கு [ ] போட வேண்டும். ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டிலோ ( ) கணக்குக்கு உரியது.

ஆகவே உட்பதிவுகளை இயந்திரவாரியாகப் பிரியுங்கள்:

; கட்டளை முடிவு, பிஎல்சி 40
; பிளாக் முடிவு, ஃபனுக் 88
; கமெண்ட் தொடக்கம், சைனுமெரிக் 103

ராக்வெல் நிறுவனத்தின் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் [:=] என்று ஒரு குறி உண்டு. கன்ட்ரோலர் ரன் நிலைக்குள் நுழையும்போது பழைய மதிப்பைத் தக்கவைக்காமல் அழித்துவிடும் ஏற்றல் அது. இப்படி ஒரு நிறுவனத்துக்கே உரிய குறிகளுக்கு நிறுவனத்தின் பெயரைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தமிழிலேயே அமைந்த நிரல்மொழிக்கும் இந்தத் தேவை உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கி 2013இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த எழில் மொழியில் நிபந்தனைக்கு முன்னால் @ வரும். @(வயது > 18) ஆனால் என்று எழுத வேண்டும். ‘ஆனால்’ என்ற சொல் தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும். @ ஏன் அங்கே நிற்கிறது என்பதை எந்தத் தமிழ் அறிவும் சொல்லித்தராது. சொற்கள் தாய்மொழியில் இருந்தாலும் குறிகளுக்கு அடைவு வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

மென்பொருள் செய்யும் குறும்புகள்

கையேட்டை வேர்டில் தட்டச்சு செய்கிறீர்கள் என்றால் முதல் வேலையாக ஆட்டோகரெக்டில் மேற்கோள்களை வளைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நேரான ' குறி வளைந்துவிட்டால், கையேட்டிலிருந்து அதை எடுத்து ஒட்டுபவருக்கு கம்பைலர் பிழை காட்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. பாமினியில் ; விசையை அழுத்தினால் மெய்யெழுத்தின் புள்ளி விழும். நீங்கள் அடித்த கட்டளை முடிவு, எழுத்துரு மாறினால் புள்ளியாகிவிடும். தமிழுக்கு யூனிகோட், நிரல் வரிகளுக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் எழுத்துரு, இரண்டும் கட்டாயம்.

வேர்டில் இண்டெக்ஸ் பதிவு போடும்போது : குறி உட்பதிவைப் பிரிக்கும். எனவே := என்பதைப் பதிய \:= என்று எழுதுங்கள். லேடெக்கில் ! @ | " நான்கும் அடைவுக் கட்டளைகளுக்கு உரியவை. அவற்றையே அடைவில் காட்ட வேண்டுமானால் முன்னால் " போட வேண்டும்.

எக்செலில் பட்டியல் வைப்பவர்கள், = + - @ இவற்றில் தொடங்கும் பதிவுக்கு முன்னால் ' போடுங்கள். இல்லாவிட்டால் எக்செல் அதை ஃபார்முலா என்று நினைத்துக்கொள்ளும். எக்செலில் * அல்லது ? குறியைத் தேட ~* என்றும் ~? என்றும் அடிக்க வேண்டும். வேர்டில் ^ குறியைத் தேட ^^ அடிக்க வேண்டும்.

தமிழ்ப் பதிவுகளின் வரிசையையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். யூனிகோட் எண்ணை மட்டும் வைத்து அடுக்கும் மென்பொருளில் ன எழுத்து ந-வை அடுத்தும், ற எழுத்து ர-வை அடுத்தும், ஜ எழுத்து ச-வை அடுத்தும் வந்துவிடும். நம் அகரவரிசையில் ழ ள ற ன கடைசியிலும், ஜ ஷ ஸ ஹ அவற்றுக்கும் பின்னும் வர வேண்டும். 

கணினியில் தேடலாமே, அடைவு எதற்கு?

பிடிஎஃப் கோப்பில் := என்று தேடினால், மாதிரி நிரல்களில் அது வந்த ஒவ்வொரு வரியையும் காட்டும். விளக்கம் எந்தப் பக்கம் என்று சொல்லாது. உள்வலைத்தளத்தில் கையேட்டை ஏற்றினாலோ நிலைமை நேர்மாறு. தளத் தேடல் கருவிகள் பெரும்பாலும் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு குறிகளைக் கழித்துவிடும். => என்று தேடினால் ஒன்றும் வராது.

இதற்கு எளிய தீர்வு உண்டு. குறியை விளக்கும் பகுதியின் தலைப்பிலேயே குறி, வழக்குப் பெயர், வேலை மூன்றையும் எழுதுங்கள். ‘:= கோலன் ஈக்வல்: வேரியபிளில் மதிப்பு ஏற்றுதல்’ என்று தலைப்பு இருந்தால், குறியைக் கழிக்கும் தேடல் கருவியும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். அச்சில் படிப்பவருக்கும் இதே தலைப்பு உதவும்.

பக்க எண்களிலும் கட்டுப்பாடு வேண்டும். குறி வரும் எல்லாப் பக்கங்களையும் அடுக்காதீர்கள். விளக்கம் இருக்கும் பக்கம், எச்சரிக்கை இருக்கும் பக்கம், முழு மாதிரி இருக்கும் பக்கம் போதும். முதன்மை விளக்கத்தின் எண்ணைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஒரு குறிக்குப் பக்க எண்கள் பெருகினால் உட்பதிவுகளாகப் பிரிக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்

அடைவைத் தயாரித்தவரே அதைச் சோதிக்கக் கூடாது. அவருக்குப் பக்கங்கள் மனப்பாடம். அண்மையில் சேர்ந்த ஐடிஐ பயிற்சியாளர் ஒருவரை அழையுங்கள். ஓடும் புரோகிராமிலிருந்து நான்கைந்து குறிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெயர் எதையும் சொல்லாதீர்கள். அவர் எந்த வழியில் தேடுகிறார், எந்த எழுத்தின் கீழ் முதலில் போகிறார் என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் போய்ப் பார்த்துக் கிடைக்காத இடத்தில் ஒரு பதிவைச் சேருங்கள். தேடிய முறை தவறு என்று அவரிடம் சொல்ல வேண்டாம். அவர் தேடிய இடமே சரியான இடம்.

கையேடு புழக்கத்துக்கு வந்த பிறகு, பேனல் அறையில் ஒரு நோட்டு வையுங்கள். தேடிக் கிடைக்காத குறியை ஷிஃப்டில் இருப்பவர் அதில் எழுதட்டும். புது இயந்திரம் வந்தாலும், கன்ட்ரோலரின் மென்பொருள் மாறினாலும், நோட்டில் பதிவு சேர்ந்தாலும் அடைவைத் திருத்துங்கள். திருத்திய தேதியை அடைவின் கீழே அச்சிடுங்கள். இந்தப் பொறுப்பை ஒரே ஒருவரின் பெயரில் ஒப்படைத்தால்தான் அது நடக்கும்.

முழுக் கையேட்டையும் திருத்த நேரமில்லை என்பவர்கள் ஒரு பக்கத்தில் தொடங்குங்கள். உங்கள் லைனில் ஓடும் புரோகிராமின் குறிகளை மட்டும் ஒரே தாளில் அச்சிட்டு, இயந்திரத்தின் பெயரைத் தலைப்பில் எழுதி, லேமினேட் செய்து பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். ஓடும் லைனில் குறியின் பொருளை ஊகித்து நிரலை மாற்றினால் இயந்திரம் எதிர்பாராமல் நகரக்கூடும், அருகில் நிற்பவருக்கு அடிபடக்கூடும். ஆகவே சந்தேகம் வந்த ஊழியர் ஊகிக்காமல் பார்த்துத் தெளிவதற்கு ஒரு பக்கத்தைக் கொடுப்பது கையேடு எழுதுபவரின் கடமை. அந்தப் பக்கத்தை இந்த மாதமே தயாரியுங்கள்.